பீங்கான் திருப்ப முடியாத கொடை: முகமறியாதவருக்கு நன்றி சொல்லும் அதபு

எங்கட ஊர் வீடுகளில் 'நன்றி' என்ற சொல்லை வாயால் சொல்லிக் கேட்பது அபூர்வம். மேடையில் சொல்வோம். கூட்டத்தின் கடைசியில் 'நன்றியுரை' என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தே வைத்திருப்போம். ஆனால் பக்கத்து வளவு ராத்தா ஒரு பீங்கானில் மீனாணம் கொண்டுவந்து நீட்டும்போது "நன்றி ராத்தா" என்று சொன்னால், தன்னோடு ஏதோ கோபம் என்றுதான் அவ நினைப்பா. "என்னத்துக்கு ராத்தா இதெல்லாம், ஒங்கட புள்ளைகளுக்கு வெச்சீங்களா?" இதுதான் எங்கட நன்றி. பிறகு அந்தப் பீங்கான் கழுவித் துடைக்கப்பட்டு, நாளைக்கோ அடுத்த கிழமையோ திரும்பிப் போகும். வெறுமையாகப் போகாது. இரண்டு வாழைப்பழம், ஒரு பிடி சீனி, ஒன்றுமே இல்லாவிட்டால் வேலியில் ஒடித்த முருங்கைக்கீரை. "வெறும் பீங்கான் அனுப்பப்படாது மகன், பறக்கத் போயிரும்" என்பது என் உம்மம்மாவின் சட்டம். நோன்பு காலத்தில் இந்தப் பீங்கான்கள் ஊருக்குள் நடந்து திரிவதைப் பார்த்தால், யார் யாருக்குக் கடன் என்று கணக்குப் பார்க்கவே முடியாது. முடியாமல் போவதுதான் அதன் அழகும்.

இந்த ஏற்பாடு தெரிந்தவர்களுக்கு இடையில் மட்டுமே நடக்கும். கொடுத்தவரின் வாசல் தெரிய வேண்டும், நாளைக்கும் அவர் அங்கே இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் எதிர்பாராத அளவில் தந்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? அவர் பீங்கானை விட்டுச் செல்வதில்லை.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை சில மாதங்களுக்கு முன் இதைத்தான் கேட்டாள். வாப்பாவுக்கு அவசர இருதய சத்திரசிகிச்சை. ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் இயன்றதைப் போட்டார்கள். வேறு ஊருக்குப் பயணம் போகும் வழியில் அங்கே தொழுத ஒருவர், திங்கட்கிழமை வங்கிக் கணக்கில் நான்கு இலட்சம் ரூபாய் போட்டுவிட்டார். பள்ளித் தலைவரிடம் அவருடைய தொலைபேசி இலக்கம் மட்டும் இருந்தது. "சேர், அவருக்கு என்னெண்டு சொல்ற? எழுதி எழுதி அழிக்கிறன். எழுதினா பிச்ச எடுத்த மாதிரி இரிக்கி, எழுதாட்டி நன்றி கெட்ட மாதிரி இரிக்கி."

அவளுக்கு நான் சொன்ன பதிலைக் கீழே தருகிறேன். அதற்கு முன், அவளுடைய தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கூச்ச சுபாவம் மட்டும் அதற்குக் காரணமில்லை. இந்த விடயத்தில் எங்கள் மார்க்கமே இரு தரப்பாருக்கும் இரண்டு வெவ்வேறு கட்டளைகளைத் தந்திருக்கிறது.

கொடுப்பவருக்கான கட்டளை அல்குர்ஆனின் 76ஆவது அத்தியாயத்தில் வருகிறது. ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிக்கும் நல்லோரைப் பற்றிய இடம். அல்லாஹ்வின் பொருத்தம் ஒன்றையே நாடி உணவளிக்கிறோம், உங்களிடமிருந்து பிரதியுபகாரத்தையோ நன்றியையோ நாம் நாடவில்லை என்பது அவர்களுடைய நிலை. பெறுபவருக்கான கட்டளை ஹதீஸில் வருகிறது. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரழி) அறிவிக்கும் நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நன்றி சொல்வது பெற்றவரின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது கொடுத்தவரின் உரிமையல்ல. எங்கள் சமூகத்தில் கொடுப்பதும் பெறுவதும் கசந்துபோகிற இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் ஒருவருக்குரிய கட்டளையை மற்றவர் கையில் எடுத்துக்கொண்டிருப்பார். கொடுத்தவர் நன்றியை எதிர்பார்ப்பார். வாங்கியவரோ, "அவர் அல்லாஹ்வுக்காகத்தானே தந்தார், எனக்கென்ன" என்று இருந்துவிடுவார்.

'ஜஸாக்கல்லாஹு கைரன்' என்ற வாசகத்தை இந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் நுட்பம் விளங்கும். அல்லாஹ் உங்களுக்கு நன்மையைக் கூலியாகத் தரட்டும் என்பது பொருள். தனக்கு நன்மை செய்தவரிடம் இதைச் சொன்னவர் புகழ்ந்துரைப்பதில் உச்சத்தைத் தொட்டுவிட்டார் என்ற கருத்தில் உஸாமா பின் ஸைத் (ரழி) வழியாகத் திர்மிதியில் ஒரு ஹதீஸ் உண்டு. ஒரு சிறிய வாசகத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய தகுதி? சொல்பவர் முதலில், 'இதற்கு ஈடு செய்ய என்னால் முடியாது' என்று ஒப்புக்கொள்கிறார். அடுத்து, ஈடு செய்யக்கூடிய ஒருவனிடம் கணக்கை ஒப்படைக்கிறார். கொடுத்தவர் கேட்கக்கூடாத கூலியை, பெற்றவர் அவருக்காக வேறோர் இடத்தில் கேட்கிறார்.

ஆணுக்கு 'ஜஸாக்க', பெண்ணுக்கு 'ஜஸாக்கி', பலருக்கு 'ஜஸாக்கும்' என்று முன்னால் நிற்பவரைப் பார்த்து மாறுகிற வாசகம் இது. அதாவது ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்று அது கைபேசியில் ஜே.இஸட்.கே. என்று மூன்று ஆங்கில எழுத்துகளாகத் தேய்ந்துவிட்டது. துஆவை எழுத்தெண்ணிச் சிக்கனம் பிடிக்க வேண்டிய வறுமை எங்களுக்கு எப்போது வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. சும்மா ஒரு படத்தை அனுப்பியவருக்கு அப்படிப் போடுவது போகட்டும். நான்கு இலட்சம் தந்தவருக்கும் அதையே போட்டால்?

நன்றி சொல்வதற்கு முன்னால் ஏற்றுக்கொள்வது என்று ஒன்று இருக்கிறது. எங்கள் ஆட்கள் பலர் இதில் இடறுகிறார்கள். "எங்களுக்கு வேணாம், எங்கள விடக் கஷ்டப்பட்டவங்களுக்குக் குடுங்க" என்பது காதுக்கு இனிமையான பேச்சு. உமர் (ரழி) அவர்களும் இதைத்தான் சொன்னார்கள். நபிகளார் (ஸல்) அவர்கள் ஏதோ ஒன்றைக் கொடுத்தபோது, என்னைவிடத் தேவையுள்ளவருக்குக் கொடுங்களேன் என்றார்கள். எதிர்பார்ப்பும் கேள்வியும் இல்லாமல் உம்மிடம் வரும் பொருளை எடுத்துக்கொள்ளும், அப்படி வராததன் பின்னால் மனதை அலையவிட வேண்டாம் என்ற பொருளில் பதில் வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. தேவை உள்ளவர் தேவையில்லை என்று சொல்வது பணிவு போலத் தோன்றினாலும், வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

மறுப்பதற்கும் ஓர் அதபு உண்டு. மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களை, மதீனாவின் ஸஃத் பின் ரபீஉ (ரழி) அவர்களுக்குச் சகோதரராக ஆக்கினார்கள் நபியவர்கள். நேற்றுவரை அறியாத மனிதர். அவரிடம் ஸஃத் தன் செல்வத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னார். அப்துர் ரஹ்மான் செய்ததைக் கவனியுங்கள். முதலில் ஸஃதின் குடும்பத்திலும் பொருளிலும் பறக்கத் உண்டாகட்டும் என்று துஆ செய்தார். பிறகு, சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார். கைனுகா சந்தைக்குப் போனவர் திரும்பும்போது கொஞ்சம் பாலாடைக்கட்டியும் நெய்யும் கொண்டுவந்தார். கொடையை முழுதாக ஏற்கவுமில்லை, கொடுத்தவரை வெறுமையாகத் திருப்பவுமில்லை. வழிகாட்டும் அளவுக்கு ஓர் உதவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். "எங்களுக்கெல்லாம் ஒருத்தர்ட ஒண்டும் வேணாம்" என்று நிமிர்ந்து நிற்பவர்கள் இந்தப் பதிலை ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பிள்ளை மறுக்கும் நிலையில் இல்லை. வைத்தியசாலைப் பட்டியல் காத்திருந்தது. பணம் கிடைத்த அன்றே ஒரு வரி அனுப்பச் சொன்னேன்: கிடைத்தது, அல்லாஹ் உங்களுக்கு ஹைர் செய்யட்டும், விபரம் பிறகு அறிவிக்கிறேன். சத்திரசிகிச்சை முடிந்த பிறகு அவள் எழுதியதை அவளுடைய அனுமதியோடு தருகிறேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அனுப்பிய நான்கு இலட்சம் ரூபாயும் கிடைத்தது. வாப்பாவுக்கு வியாழக்கிழமை சத்திரசிகிச்சை நடந்தது. நேற்று எழும்பி உட்கார்ந்து கஞ்சி குடித்தார். உம்மாவும் நாங்களும் தொழுகைக்குப் பிறகு உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் துஆ கேட்கிறோம். ஜஸாக்கல்லாஹு கைரன்."

இதில் எது நன்றி? என்னைக் கேட்டால், கஞ்சி குடித்தார் என்பதுதான். முகமறியாமல் கொடுத்தவருக்கு உலகத்தில் கிடைக்கக்கூடியது அந்த ஒரு செய்திதான். தன் பணம் போய்ச் சேர்ந்ததா, அந்த மனிதர் பிழைத்தாரா என்று அவரும் யோசித்துக்கொண்டுதானே இருப்பார். பலர் இதை விட்டுவிட்டு, "நீங்க மனிசரில்ல, மலக்கு", "வாழ்நாள் முழுக்க ஒங்களுக்கு அடிமை" என்று எழுதுகிறார்கள். ஒருவரை முகத்துக்கு நேரே மிகையாகப் புகழ்ந்தவரிடம், உம் தோழரின் கழுத்தை வெட்டிவிட்டீரே என்ற கருத்தில் நபியவர்கள் கண்டித்த செய்தி புகாரியில் உள்ளது. புகழ்ச்சி பெற்றவரின் உள்ளத்துக்கு என்ன ஆகும் என்பது ஒரு பக்கம். அடிமை என்று எழுதிய கையும் நாளைக்கு அந்த மனிதரைத் தெருவில் கண்டால் ஒளிந்துகொள்ளப் பார்க்கும். அடைக்க முடியாத கடனைத் தானே தன் தலையில் எழுதிக்கொண்டவர் வேறென்ன செய்வார்?

மீதியைப் பற்றியும் சொன்னேன். பட்டியல் கட்டியபின் அறுபத்தையாயிரம் ரூபாய் அளவில் மிஞ்சியிருந்தது. சிகிச்சைக்கென்று கேட்ட பணம் சிகிச்சைக்குரியது. மீந்ததை என்ன செய்ய என்று கேட்பதும் நன்றியில் ஒரு பகுதி, அமானிதமும்கூட. அவள் கேட்டாள். பக்கத்துக் கட்டிலில் கஷ்டப்பட்டவர் யாரும் இருந்தால் அவருக்குக் கொடுங்கள் என்று பதில் வந்தது. இருந்தார். கொடுத்தார்கள்.

பதிலின் முடிவில் அந்த மனிதர், மௌத்தான தன் உம்மாவுக்கு துஆ கேட்கச் சொல்லியும் எழுதியிருந்தார். கொடுத்துவிட்டு துஆ கேட்கலாமா? இப்னு தைமிய்யா, பெறுபவரிடம் துஆவை எதிர்பார்ப்பதும் மேலே சொன்ன வசனத்தின் தரத்திலிருந்து இறங்குவதே என்று கருதியவர். ஆயிஷா (ரழி) அவர்களைப் பற்றிய ஓர் அறிவிப்பு இன்னும் நுட்பமானது. தர்மம் அனுப்பினால், பெற்றவர்கள் என்ன சொல்லி துஆ செய்தார்கள் என்று கொண்டுபோனவரிடம் விசாரிப்பார்களாம். அதே துஆவை அவர்களுக்குத் திருப்பிச் செய்வார்களாம். துஆவுக்குத் துஆ ஈடாகிவிட்டால் கொடுத்ததற்கான கூலி அல்லாஹ்விடம் குறையாமல் இருக்கும் என்பது அவர்களின் கணக்கு. உம்மாவை இழந்த ஒரு மகன் கேட்டதை இந்தத் தராசுகளில் வைத்து நிறுக்க எனக்கு மனமில்லை. கேட்டுக் கொடு மகள் என்றேன்.

கொடுத்தவரின் பெயரைச் சொல்லலாமா, மறைக்க வேண்டுமா என்பது பெரிய விவாதம். ஜாபிர் (ரழி) அறிவிக்கும் ஒரு ஹதீஸின் கருத்து: கொடை பெற்றவர் இயன்றால் ஈடு செய்யட்டும், இயலாவிட்டால் புகழ்ந்து சொல்லட்டும், சொன்னவர் நன்றி செலுத்தியவர், மறைத்தவர் நன்றி மறந்தவர். மறுபுறம், வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுப்பவருக்கு மறுமையில் அர்ஷின் நிழல் உண்டென்ற ஹதீஸும் எல்லோருக்கும் தெரியும். நாம் பெயரைப் போட்டால் அவருடைய இடக்கைக்கு நாமே காட்டிக்கொடுத்தவர்கள் ஆகமாட்டோமா?

எங்கள் இலக்கிய மரபு பெயரைச் சொல்லும் பக்கம் நின்றது. உமறுப்புலவருக்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி ஆதரவளித்தார். அவருடைய மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். சீறாப்புராணத்துக்குள்ளேயே பல இடங்களில் அபுல் காசிமின் பெயரைப் புலவர் பதித்துவைத்தார். கம்பர் சடையப்ப வள்ளலுக்குச் செய்த அதே வேலை. அந்த வள்ளல்கள் அறியப்பட்டவர்கள், அறியப்படுவதை மறுக்காதவர்கள். வங்கிக்குப் போய்ப் பெயர் எழுதாமல் பணம் போடுகிறவர் வேறு ரகம். பெயர் எழுதாததே அவருடைய வேண்டுகோள். கொடையைச் சொல்லலாம், ஆளைச் சொல்லக்கூடாது. "ஒரு ஹைரான மனிசன் உதவினார், அல்லாஹ் அவருக்கு பறக்கத் செய்யட்டும்" என்றால் ஜாபிர் (ரழி) அவர்களின் ஹதீஸும் நிறைவேறும், அவருடைய இடக்கையும் அறியாமல் இருக்கும்.

இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ஸகாத் பற்றிய பகுதியில், பெறுபவரின் ஒழுங்குகள் என்று தனியாகவே எழுதியிருக்கிறார். ஹிஜ்ரி 505இல் மறைந்தவருடைய எழுத்து எங்கள் நம்பிக்கையாளர் சபைகள் வாசிக்க வேண்டிய அளவுக்குப் புதிதாக இருக்கிறது. பெற்றவர் கொடுத்தவருக்கு நன்றி சொல்லி துஆ செய்ய வேண்டும். ஆனால் அவர் அல்லாஹ்வின் அருள் வந்து சேர்ந்த வழி என்பதற்கு மேல் அவரை உயர்த்தக்கூடாது. கொடையில் குறை இருந்தால் மறைக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இது: கொடுப்பவர் தன் கொடையைச் சிறிதாகக் காண வேண்டும், பெறுபவர் அதையே பெரிதாகக் காண வேண்டும். கொடுப்பவருக்கு அவர் இன்னொன்றும் சொல்கிறார். ஏழை உன் கையிலிருந்து அல்லாஹ்வின் உரிமையை வாங்கிக்கொண்டு உன்னைத் தூய்மைப்படுத்துகிறார், உபகாரம் செய்தவர் அவரே என்று நினை என்கிறார்.

இதை வாசித்துவிட்டு எங்கள் நிவாரணப் படங்களைப் பாருங்கள். ஒரு வெள்ளத்துக்குப் பிறகு பாடசாலை மண்டபமொன்றில் உலர் உணவுப் பொதி கொடுத்ததை நான் நேரில் கண்டேன். எந்த அமைப்பு என்று சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு பெண்ணும் பொதியைப் பிடித்தபடி பதாகைக்கு முன்னால் நின்று கமராவைப் பார்க்க வேண்டும். ஒரு மூதாட்டி முந்தானையால் முகத்தை மூடினார். "உம்மா, முகத்தத் தொறங்க, தந்தவங்களுக்கு அனுப்போணும்" என்றார் படம் எடுத்தவர். தந்தவர்கள் வெளிநாட்டில் இருக்கலாம், அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கலாம். பற்றுச்சீட்டு இருக்கிறது, பெயர்ப்பட்டியல் இருக்கிறது, அடுக்கிய பொதிகளைப் படம் எடுக்கலாம். அந்த முகத்தை எதற்குத் திறக்க வேண்டும்? கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனதை நோகடித்தும் தர்மங்களைப் பாழாக்க வேண்டாம் என்று சூரதுல் பகரா எச்சரிப்பது இதையும் சேர்த்துத்தான் என்பது என் எண்ணம். ஸகாத்தாக வந்த பொருளென்றால் அது அவருடைய உரிமை. அதற்கு முகத்தை விலையாகக் கேட்க எவருக்கும் அதிகாரமில்லை.

கொடுத்தவர் முஸ்லிமல்லாதவராக இருந்தால்? மௌலவிமாரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. நன்மைக்கு நன்மை செய்யுங்கள், இயலாவிட்டால் ஈடு செய்துவிட்டோம் என்று தோன்றும்வரை துஆ செய்யுங்கள் என்ற நபிமொழி யார் செய்த நன்மை என்று பிரித்துப் பேசவில்லை. தாயிஃபில் கல்லடிபட்டுத் திரும்பிய நபியவர்கள் மக்காவுக்குள் நுழையப் பாதுகாப்பளித்தவர் முத்இம் பின் அதீ. இஸ்லாத்தை ஏற்காமலே இறந்துபோனவர். பத்ர் முடிந்து எதிரிகள் கைதிகளாக நின்றபோது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டுவிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபியவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. இறந்துபோன ஒருவரின் உபகாரத்தை, அவருடைய ஆட்கள் வாளெடுத்து வந்த நாளில் நினைவுகூர்வது! ஃபிர்அவ்னே எனக்கு பறக்கத் வேண்டினாலும் உனக்கும் அப்படியே என்பேன் என்று இப்னு அப்பாஸ் (ரழி) சொன்னதாக அல்அதபுல் முஃப்ரதில் ஓர் அறிவிப்பும் உண்டு.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு வந்த நாட்களில் எங்கள் கரையோரத்து ஆட்கள் இந்தப் பாடத்தைக் கிதாபு இல்லாமலே படித்தார்கள். சோற்றுப் பார்சல்களோடு உட்பகுதியிலிருந்து வந்த லொறிகளில் சிங்களச் சனங்களும் இருந்தார்கள். தலையில் துணியில்லாமல் குந்தியிருந்த என் சாச்சியைக் கண்ட ஒரு சிங்கள அம்மா, தன் தோளில் கிடந்த துவாயை எடுத்துச் சாச்சியின் தலையில் போட்டார். சாச்சிக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. கையேந்தி, தமிழும் அறபும் கலந்து நீளமாக துஆ ஓதினார். அந்த அம்மா விளங்கினவர்போலக் கைகூப்பி நின்றார்.

விளங்கியிருக்கும் என்றே நம்புகிறேன். ஏனென்றால் சிங்களக் கிராமங்களிலும் பழைய ஆட்கள் 'ஸ்தூதி' என்று சொல்வதைவிட 'பொஹொம பின்' என்று சொல்வதே அதிகம். உனக்குப் பெரும் புண்ணியம் சேரட்டும் என்ற கருத்து. எங்கள் தமிழ் அயலவரும் "புண்ணியமாப் போகும்", "நல்லாயிருப்பீங்க" என்பார்கள். மூன்று சமூகங்களிலும் நன்றி, கொடுத்தவருக்கு வேறெங்கோ நன்மை எழுதப்படட்டும் என்றே போகிறது. அகீதா வேறு, கணக்கு எழுதுபவர் பற்றிய நம்பிக்கை வேறு, அதைக் குழப்ப வேண்டியதில்லை. உபகாரம் செய்த சிங்களவரிடம் 'ஸ்தூதி' என்றோ, 'ஹொந்தக் வேவா', அதாவது நல்லது நடக்கட்டும் என்றோ அவருடைய மொழியிலேயே சொல்லலாம். துஆவை எங்கள் மொழியில் கேட்கலாம். 'ஜஸாக்கல்லாஹ்' என்று மட்டும் சொல்லிவிட்டு, விளங்காமல் அவர் விழிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அதபு அல்ல.

ஒருவரல்ல, ஓர் ஊரே முகமறியாதவர்களுக்குக் கொடுத்தால் அந்த நன்றி எவ்வளவு காலத்துக்குச் செல்லும்? இதை நாங்கள் பேசத் தயங்குகிறோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெரும்பாலானோர் வந்து சேர்ந்த இடம் புத்தளம். பள்ளிகளும் பாடசாலைகளும் திறந்தன, வீடுகளில் உலை ஏறியது, தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. முஹாஜிர்களும் அன்ஸார்களும் என்று அப்போது மிம்பர்களில் சொன்னார்கள். பொருத்தமான உவமைதான். பிறகு பாடசாலை அனுமதி, அரச வேலை, தண்ணீர், காணி என்று நெருக்கடிகள் வந்தன. 'அகதி' என்பது ஒரு நிலையைக் குறிக்கும் சொல்லாக இருந்தது, பிள்ளைகளைக் கூப்பிடும் பெயராகவும் மாறியது. "நாங்கதானே எடம் தந்தம்" என்ற பேச்சு ஒரு பக்கம். "எத்தின வருசத்துக்கு இதயே கேக்கிற" என்ற பேச்சு மறுபக்கம். இரண்டையும் என் காதால் கேட்டிருக்கிறேன்.

மிம்பரில் சொன்ன உவமையை யாரும் கடைசிவரை வாசிக்கவில்லை என்பது என் ஆதங்கம். மதீனாவின் முஹாஜிர்களுக்கும் இதே கவலை வந்தது. இப்படிக் கொடுக்கும் ஒரு கூட்டத்தை நாங்கள் கண்டதில்லை, நன்மை முழுவதையும் இவர்களே கொண்டுபோய்விடுவார்களோ என்று நபியவர்களிடம் போய் முறையிட்டார்கள். இல்லை, அவர்களைப் புகழ்ந்து அவர்களுக்காக துஆ செய்துகொண்டிருக்கும் வரை அப்படி ஆகாது என்ற கருத்தில் பதில் வந்ததை அனஸ் (ரழி) அறிவிக்கிறார். நிலம் இல்லாதவனும் செலுத்தக்கூடிய ஈடு. செலுத்துகிறவன் குனிய வேண்டியதுமில்லை.

கதை அங்கே முடியவில்லை. அன்ஸார்கள் தங்கள் பேரீச்ச மரங்களின் பயனை முஹாஜிர்களுக்கு இரவலாகக் கொடுத்திருந்தார்கள். ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றிக்குப் பிறகு முஹாஜிர்களின் கையில் சொந்தமாகப் பொருள் வந்ததும், அந்த மரங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்ஸார்கள் கேட்டு வாங்கியதாக அறிவிப்பில் இல்லை. எங்கள் வீட்டுப் பீங்கான் திரும்பிப் போவதைப் போலவே போனது, ஆனால் ஏழு வருடம் எடுத்தது. இடையில் ஒரு சிக்கல். அனஸ் அவர்களின் குடும்பத்துக்குச் சொந்தமான மரங்கள் நபியவர்களை வளர்த்த உம்மு அய்மன் (ரழி) அவர்களின் கையில் இருந்தன. அவர் திருப்பித் தர மறுத்துவிட்டார், அனஸின் கழுத்தில் துணியைப் போட்டுப் பிடித்துக்கொண்டு தரவே மாட்டேன் என்றார். நபியவர்கள் அவரை நன்றி கெட்டவர் என்று சொல்லவில்லை. இவ்வளவு தருகிறேன், இவ்வளவு தருகிறேன் என்று கூட்டிக்கொண்டே போனார்கள். அந்த மரங்களைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு கொடுத்த பிறகுதான் அந்தக் கிழவி கையை எடுத்தார்.